மூடாத தந்தி

ஹார்ப் என்கிற மேல்நாட்டு யாழை வாசிப்பதில் பாதி வேலை சத்தத்தை எழுப்புவது. மீதிப் பாதி அதை நிறுத்துவது. இந்த இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. மீட்டிவிட்ட தந்தி தானாக நிற்காது. அடிப்பக்கத்துப் பெரிய தந்தி என்றால் அடுத்த சுரமும் அதற்கடுத்த சுரமும் வந்துபோன பிறகும் பின்னால் முனகிக்கொண்டே கிடக்கும். அதனால் உள்ளங்கையைத் தந்திகள் மேல் பதித்துச் சத்தத்தை மூட வேண்டும். முப்பது வருடத்துக்குக் கிட்ட ஓர் ஆர்கெஸ்ட்ராவின் ஓரத்தில் உட்கார்ந்து மூடியிருக்கிறேன். கண்டக்டர் விரலை மடக்கினால் மறுநொடி என் பக்கம் ஈ பறக்கிற சத்தம்கூட இருக்காது. கண்டக்டர் என்றால் கையில் கோல் வைத்திருப்பவர், டிக்கெட் கொடுப்பவர் இல்லை. அக்கம்பக்கத்தில் இதை விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

அக்கா மூட மாட்டாள். அவள் தனிக் கச்சேரிக்காரி. மேடை நடுவில் அவளும் ஹார்ப்பும் மட்டும். கடைசிச் சுரத்தை மீட்டிவிட்டு இரண்டு கைகளையும் அந்தரத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். சத்தம் மெலியும், இன்னும் மெலியும், பிறகு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. கைதட்டலாமா வேண்டாமா என்று சபை திருதிருவென்று விழிக்கும். இருமல் வந்தவர்கள் கண்ணில் தண்ணீர் வர அடக்கிக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் முடிந்தது என்று நினைத்த பிறகும் அவள் கை இறங்காது. வேறு யாருக்கோ காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, மெதுவாக மடியில் வைப்பாள். ஊர் ஊராகப் போய் அவள் வாங்கிய பேரில் முக்கால்வாசி இந்தக் காத்திருப்புக்குத்தான் என்று நான் சொல்வேன். அதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

"வீட்டுக்கு வந்தவங்களைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளற மாதிரி இருக்குடி நீ மூடறது" என்பாள். "அது பாட்டுக்கு வந்துச்சு, அது பாட்டுக்குப் போகட்டுமே."

"நீ தனியா வாசிக்கற மகாராணி. என்னைச் சுத்தி எழுபது பேர் அடுத்த சுரத்துக்கு நிக்கறாங்க. உன்னை மாதிரி தூங்க முடியுமா?"

எங்கள் இரண்டு பேருக்கும் கடைசிவரை ஒத்துப்போகாத விஷயம் இது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் அவள் சொன்னால் நான் கேட்பேன். முணுமுணுத்துக்கொண்டே கேட்பேன்.

போன வருடம் ஹார்ப்புக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் என் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவள் வீட்டோடு வந்துவிட்டேன். முன்னறையில் அவளுடைய ஹார்ப். சுவருக்கு அந்தப் பக்கம் பின்னறையில், சுவரை ஒட்டினாற்போல் அவள் கட்டில். மூக்கில் குழாய், முதுகுக்கடியில் மோட்டார் வைத்த காற்றுப் படுக்கை. பகல் முழுக்க ஒரு நர்ஸம்மா இருப்பார். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு தொடர்கதை கேட்பார், மற்றொரு காது அக்காவுக்கு. நல்ல மனுஷி, பிஸ்கட் மட்டும் அவரிடம் தங்காது.

"மூச்சு விடறாங்க, கண்ணைத் திறக்கறாங்க. அதெல்லாம் உடம்பு தானா பண்றது. உள்ள ஆள் இல்லம்மா" என்றார் நரம்பு டாக்டர்.

அக்கா பையன் வேலை பார்ப்பது வேறு ஊரில். வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வான். "சித்தி, குழாய் வழியா ஊத்தி ஊத்தி எத்தனை நாளைக்கு? அம்மாவே பார்த்தா சிரிப்பாங்க. இங்க ஒரு இல்லம் இருக்கு. குழாயை எடுத்துடுவாங்க. வலி தெரியாம பார்த்துப்பாங்க. ஒரு பத்து நாள்." சொல்லிவிட்டு அவனே அழுவான். "ஒரே ஒரு அடையாளம் காட்டட்டும் சித்தி. கண்ணால, விரலால, எதாலயாவது. நான் வேலையை விட்டுட்டு வந்து அம்மா பக்கத்துலயே கிடக்கறேன்."

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். ஆனால் அவன் கேட்டதைத்தான் நானும் தினமும் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்து, "அமுக்குடி அக்கா" என்பேன். கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோவேன். என்னைத் தாண்டி விட்டத்தைப் பார்ப்பாள். சின்ன வயதில் கோபத்தில் பேசாமல் இருக்கும்போதும் இப்படித்தான் பார்ப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அவளிடம் ஹார்ப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னறையில் நான் பாடம் எடுக்கத் தொடங்கினேன், பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். நிற்காதவர்களில் ஒருவர் தபால்காரர். ஐம்பது வயது, ஒவ்வொரு விரலும் வாழைப்பழம் பருமன். அவர் வாசித்தால் ஜன்னல் அதிரும், அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பேர் 'இடி'. என்னிடம் முதல் பாடத்துக்கு வந்த அன்று, கடைசிச் சுரத்தை மீட்டிவிட்டு அந்தப் பெரிய கைகளை அந்தரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் காத்திருந்தேன். சத்தம் போய்விட்டது. கை இறங்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், தொண்டையைச் செருமினேன். பிறகுதான் இறக்கினார்.

"மூடுங்க. அக்கா பழக்கமெல்லாம் என்கிட்ட வேணாம்."

"சரிம்மா" என்றார். அடுத்த வாரமும் அதையேதான் செய்தார். ஏழு வருடப் பழக்கம், ஒரே நாளில் போகுமா என்று விட்டுவிட்டேன்.

பல் டாக்டரம்மா விஷயம் அப்படி இல்லை. அக்கா விழுந்த பிறகு என்னிடம் புதிதாகச் சேர்ந்தவர். நாற்பதைத் தாண்டியவர். அக்காவைப் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. பின்னறையில் உடம்பு சரியில்லாத ஒருவர் இருக்கிறார் என்பதோடு சரி. சுர அடையாளத்துக்குச் சாயம் போட்ட சிவப்புத் தந்தி எது, கறுப்புத் தந்தி எது என்பதிலிருந்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வலது தோளில் எவ்வளவு சாய்ப்பது, சுண்டுவிரலை ஏன் மடக்கி வைப்பது, எப்போது மூடுவது, எல்லாம். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷி. ஆனால் மூன்றாவது மாதம், ஒரு சின்னப் பாடத்தை முதல்முறையாகத் தட்டுத் தடுமாறாமல் முடித்தவர், கைகளை மேலே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். முழங்கை உயரம், மணிக்கட்டின் வளைவு, தலையை லேசாகச் சுவர்ப்பக்கம் சாய்த்திருந்த விதம், எல்லாம் அக்கா.

"ஏன் மூடல?"

"இன்னும் கேக்குதே, டீச்சர்."

"என்ன கேக்குது? அது எப்பவோ நின்னாச்சு."

அவர் சுவர்ப்பக்கமே காது கொடுத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கைகளை இறக்கிவிட்டு, மன்னிப்புக் கேட்கிற குரலில், "யாரோ அந்தச் சுரத்தைப் பிடிச்சுட்டு இருக்கற மாதிரி இருந்துச்சு. அவங்க விட்டப்புறம் விட்டேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பயந்தது பேய்க்கு இல்லை, என் காதுக்கு. இசைக்காரிக்குக் காது போகும்போது முதலில் போவது இந்த மெல்லிய நுனிதான். ஆர்கெஸ்ட்ராவில் தெரிந்தால் அடுத்த சீசனுக்கு என் நாற்காலியில் வேறு ஆள். மறுநாளே காது டாக்டரிடம் ஓடினேன். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, கொசு ரீங்காரத்தில் பத்தில் ஒரு பங்கு சத்தத்தையெல்லாம் போட்டுப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"உங்க வயசுக்கு இது அநியாயம்மா. என் காதைவிட நல்லா இருக்கு."

வெளியே வந்து தெருவில் நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். முடியவில்லை. என் காது நன்றாக இருந்தால், பல் டாக்டரம்மாவுக்குக் கேட்பது எனக்கு ஏன் கேட்கவில்லை? யோசித்ததில் ஒரு பதில் கிடைத்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. மூடியவுடன் அடுத்த சுரத்தை எண்ணத் தொடங்கிவிடுவது என் தொழில். சத்தம் முடிகிற இடத்தில் நின்று கேட்கவே நான் பழகவில்லை.

பிடிக்காத பதில் கிடைத்தால் நான் செய்வது ஒன்றுதான், யார் மேலாவது எரிந்து விழுவது. அடுத்த பாடத்தில் பல் டாக்டரம்மா மாட்டினார். மறுபடி கைகள் அந்தரத்தில்.

"உங்க கிளினிக்ல பல்லைப் பிடுங்கிட்டு வாயைத் திறந்தபடியே அனுப்புவீங்களா? அடுத்த வாரம் மூடலைன்னா இந்தப் பக்கம் வராதீங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "வீட்டுல சாப்பாட்டு மேஜையில கையை வெச்சு மூடிப் பழகறேன், டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டாகச் சொன்னார் என்று நினைத்தேன்.

அதே வாரம் தபால்காரரையும் விடவில்லை. அவர் கடைசிச் சுரத்தை மீட்டியதும் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "மூடுங்க, மூடுங்க" என்று அதட்டினேன். அவர் வலது கையை அரைமனதாகத் தந்திகள் மேல் வைத்தார். வைத்ததும் தீப்பட்டவர் மாதிரி எடுத்துவிட்டார். அதே சமயம் பின்னறையில் நாற்காலி விழுந்தது. நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது அக்காவை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்.

"மூச்சு சட்டுனு நின்னுடுச்சும்மா. இப்ப வந்துடுச்சு. சளியாத்தான் இருக்கும்."

உறிஞ்சும் குழாயை விட்டுப் பார்த்தார். சளி அப்படியொன்றும் வரவில்லை. நான் முன்னறைக்குத் திரும்பியபோது தபால்காரர் எழுந்து நின்று உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இந்த மூடற வேலை வேணாம்மா" என்றார். "யாரோ வாயைப் பொத்தின மாதிரி இருந்துச்சு."

"உங்களுக்குக் கை கனம். வேறென்ன?"

"இருக்கலாம்" என்றவர், தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். பிறகு பாடத்துக்கு வரவில்லை. தபாலைக்கூட வாசல் பெட்டியில் சத்தமில்லாமல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா பையன் போன் செய்தான். இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது, சனிக்கிழமை காலை ஆம்புலன்ஸோடு வருகிறான். "ஏதாவது இருந்தா சொல்லுங்க, சித்தி. எல்லாத்தையும் நிறுத்திடறேன்" என்றான். ஒன்றுமில்லை என்றேன். வைத்துவிட்டு, எங்கே போவதென்று தெரியாமல் முன்னறையில் ஹார்ப்புக்கு எதிரில் உட்கார்ந்தேன். சுருதி சேர்ப்பதைத் தவிர அக்கா ஹார்ப்பை நான் வாசிப்பது இல்லை. என் ஹார்ப் ஒத்திகைக் கூடத்தில் இருக்கிறது. அவளுடையதை நான் வாசித்தால் அவள் இனி எழுந்திருக்க மாட்டாள் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

நடுவில் ஒரு கறுப்புத் தந்தி மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பக்கத்துத் தந்திகளெல்லாம் கோடு கிழித்தாற்போல் நிற்க, அது மட்டும் அகலமாகக் கலங்கியிருந்தது. அதிர்ந்துகொண்டிருந்தது.

இதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை. ஹார்ப் இருக்கிற அறையில் நீங்கள் எந்தச் சுரத்தில் பேசினாலும் அந்தச் சுரத்துத் தந்தி தொடாமலே லேசாக அதிரும். தெருவில் லாரி போனால் ஒன்று அதிரும், மிக்ஸி ஓடினால் ஒன்று. எனவே லாரியைத் தேடினேன். தெரு காலியாக இருந்தது. சமையலறைக்குப் போய் பிரிட்ஜை நிறுத்தினேன். வந்து பார்த்தேன், அதிர்ந்தது. மின்விசிறியை நிறுத்தினேன். பின்னறைக்குப் போய் காற்றுப் படுக்கையின் மோட்டாரை நிறுத்தினேன். "என்னம்மா பண்றீங்க?" என்று கேட்ட நர்ஸம்மாவின் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கி அதையும் அணைத்தேன். வீடு முழுக்க ஒரு சத்தம் இல்லை. திரும்பி வந்தேன். கறுப்புத் தந்தி அதிர்ந்துகொண்டேதான் இருந்தது.

அப்படியென்றால் வீட்டுக்குள் எங்கேயோ அந்தச் சுரம் ஒலித்துக்கொண்டிருக்கிறது. யாரோ அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது பல் டாக்டரம்மா மீட்டி முடித்த பாடத்தின் கடைசிச் சுரம். போன வெள்ளிக்கிழமை மீட்டியது.

பின்னறை வாசலில் போய் நின்றேன். அக்காவின் உதடு மூடியிருந்தது. கண் விட்டத்தில். கழுத்து மட்டும் தலையணையில் கொஞ்சம் திரும்பி, சுவர்ப்பக்கம் பார்த்திருந்தது. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்திருக்கலாம். தைரியம் வரவில்லை. தொட்டு, அங்கே ஒன்றும் இல்லாமல் போய்விட்டால் என்னிடம் மிச்சம் எதுவும் இருக்காது. மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் பார்த்தபோது தந்தி நின்றிருந்தது. எனக்கு அழுகை முட்டியது, கூடவே கோபமும். இவ்வளவு நாள் பிடித்துக்கொண்டிருந்தாயே, இன்னும் ஒரு நாள் முடியாதா என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். பிறகு தோன்றியது, இது வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பாடம் இருக்கிறது. அந்தச் சுரத்தை மறுபடி மீட்டினால் மறுபடி பிடிப்பாள். அப்போது கை வைத்துப் பார்த்துவிடுவது. இருந்தால், அந்த நிமிஷமே அவனுக்குப் போன்.

பல் டாக்டரம்மா கிளினிக்கிலிருந்து நேராக வந்தார். நான் எதுவும் விளக்கவில்லை. விளக்கினால் என்னையும் ஆம்புலன்ஸில் ஏற்றச் சொல்வார் என்று பயம்.

"அதே பாடத்தை வாசிங்க. நான் உள்ள இருந்து கேக்கறேன்."

"உள்ள இருந்தா?"

"ஆமாம். நடுவுல நிறுத்தாதீங்க. முழுசா முடிங்க."

நர்ஸம்மாவைத் தேநீர் போடச் சொல்லி அனுப்பிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவின் தொண்டைக்குழியில் இரண்டு விரலை வைத்தேன். தோல் சூடாக, காய்ந்து இருந்தது. நாடி துடித்தது. மூச்சுக்கு ஏற்ற இறக்கம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரம்மா தொடங்கினார். முதல் வரியில் ஒரு தப்பு, வழக்கமான தப்பு. இரண்டாவது வரி சுத்தம்.

கடைசிச் சுரம் வந்தது. சத்தம் நீண்டு, மெலிந்து, எனக்குக் கேட்காமல் போயிற்று. என் விரலுக்கடியில் தொடங்கியது.

நாடி இல்லை அது. நாடி தட்டும், இது தட்டவில்லை. தந்தியைத் தொட்டால் விரல் நுனியில் வருகிற அதே கூச்சம். ஆயுள் முழுக்க நான் தொட்ட விஷயம், எனக்குத் தப்பாது. அக்கா பாடிக்கொண்டிருந்தாள். காதுக்கு எட்டாத அடியில், உதடு திறக்காமல், அந்தக் கறுப்புத் தந்தியின் சுரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு வருடமாக எங்களைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் யாராவது கையை அந்தரத்தில் வைத்துக் காத்திருக்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டு, உள்ளேயே இருந்திருக்கிறாள். இடிக்குத் தெரிந்திருக்கிறது. புதிதாக வந்த பல் டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

"அக்கா" என்றேன். அதிர்வு கொஞ்சம் பலமாயிற்று. சத்தியமாகப் பலமாயிற்று. கண்விழி விட்டத்திலிருந்து நகர்ந்து, மெதுவாக, என் பக்கம் வரத் தொடங்கியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இன்னொரு கையால் போனை எடுத்து அவன் எண்ணைத் தேடினேன். போன் அடித்தது. ஒருமுறை, இருமுறை. அந்தப் பக்கம் எடுத்து, "சொல்லுங்க சித்தி" என்றான்.

அப்போதுதான் எனக்குச் சாப்பாட்டு மேஜை ஞாபகம் வந்தது.

முன்னறையில் பல் டாக்டரம்மா, அதுவரை அந்தரத்தில் வைத்திருந்த கைகளால், ஒரு வாரம் பழகியதைச் செய்தார். இரண்டு உள்ளங்கைகளும் ஒரே சமயத்தில், அகலமாக, விரல்கள் சேர்ந்தபடி, நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் சரியாக விழுந்தன. அந்த மெல்லிய தட்டல் சுவரைத் தாண்டிக் கேட்டது. நான் கத்த வாயைத் திறந்தேன்.

என் விரலுக்கடியில் அது நின்றது. மெலிந்து நிற்கவில்லை. அங்கேயே, அந்த நொடியே நின்றது. கண்விழி பாதி வழியில் நின்றுவிட்டது, என் தோளுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தபடி. மூச்சு மட்டும் ஒழுங்காக வந்து போய்க்கொண்டிருந்தது. விரலை அழுத்தினேன், இடம் மாற்றினேன், காதை வைத்துக் கேட்டேன். நாடி தட்டியது. அவ்வளவுதான்.

"சித்தி? சித்தி, என்ன ஆச்சு? ஏதாவது காட்டினாங்களா?"

போன் என் மடியில் கிடந்து பேசிக்கொண்டிருந்தது. பல் டாக்டரம்மா பின்னறை வாசலில் வந்து நின்றார். முகம் பூரித்திருந்தது.

"கேட்டீங்களா, டீச்சர்? இந்தத் தடவை மூடிட்டேன். கொஞ்சம்கூட மிச்சம் இல்ல."